சீப்புக் கிணறு

முள்ளித்துறையில மாதா கோயிலுக்கு ஓடு போடாத காலம். ஓலைக் கோயிலு, ஓலை வீடு, கரையில ஏத்தி வச்ச வள்ளம், அவ்வளவுதான் ஊரு. தூத்துக்குடிக்கு நடந்தே போயி நடந்தே வந்த காலம். அந்தக் காலத்துல, இந்தா இதே ஊர்ல, மதலேனான்னு ஒருத்தி இருந்தாளாம்.

யாரு அந்த முடிய நேராக்குற மெஷின இன்னும் சுவத்துல மாட்டியே வச்சிருக்கது? அணைங்க மொதல்ல. ஏம்மா, பார்லர் பிள்ள, ஒன்னத்தான். தூத்துக்குடியிலருந்து பஸ்ஸேறி வந்திருக்க, டீயக் குடி, உக்காரு. ஒன் மேல எனக்குக் கோவமே இல்ல. ஒன்னக் கூப்பிட்டாளே என் தங்கச்சி ஜாக்குலின், அவ மேலதான். நாளைக்கு இவ மகளுக்குப் புது நன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்கப் போறா. தாய்மாமன் நானு வெள்ளை முக்காடும் பூக்கிரீடமும் வாங்கிட்டு ஆசையா வாரேன். வந்து பாத்தா மெஷினு சூடாகிட்டுக் கெடக்கு, பிள்ள ரெனிட்டா வாயத் தொறக்காம ஸ்டூல்ல உக்காந்திருக்கா.

என் மண்டையப் பாத்துச் சிரிக்காதிய. என் தலையில ஒரு முடி கூட இல்லதான். அதனால பேசத் தகுதி இல்லன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க. ஆனா எங்க அம்மா தலையும், இந்த ஜாக்குலின் தலையும், அந்தப் பிள்ள தலையும் எங்கருந்து வந்துச்சுன்னு கேக்காம இன்னைக்கு யாரும் அதுல கைய வைக்கக் கூடாது. எத்தனை தடவதான் சொல்லுறது! எல்லாருக்கும் கதை தெரியும், ஒருத்தருக்கும் புத்தி வரல. சரி, கேளுங்க.

மதலேனாவோட அம்மா கப்பல்ல வந்தவ. ஆப்பிரிக்காவுல எந்தக் கரையிலருந்து வந்தான்னு தெரியாது. தெரியாதுன்னா, கேட்டவங்க இல்ல. கப்பல்காரன் ஒருத்தன் வீட்டுக்கு ஊழியம் பாக்கக் கொண்டு வந்தானாம். வழியில அவளுக்குக் காய்ச்சல் கண்டுட்டு. கைப்பிள்ளையோட இந்தக் கரையில எறக்கிவிட்டுட்டுக் கப்பலு போயிட்டுன்னு சொல்லுவாவ. திரும்பியே பாக்கலையாம். நம்ம ஊர்ப் பொம்பளைங்க கஞ்சி ஊத்திப் பொழைக்க வச்சாவ. அதச் சொல்லணும், மறைக்கக் கூடாது. பொழைக்க வச்சவங்களே காப்பிரிச்சி, காப்பிரிச்சின்னு ஆப்பிரிக்காக்காரிய எளக்காரமாச் சொல்லுற பேரால கூப்பிட்டாவ. அதையும் சொல்லணும். அவளுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கும்லா? சொல்லியும் இருப்பா. நம்ம வாயில நொழையலன்னு விட்டுட்டாவ. பிள்ளைக்கு மட்டும் சாமியாரு ஞானஸ்நானம் குடுத்து மதலேனான்னு வச்சாரு.

தாயும் மகளும் கோயில் வளாகத்துல ஒரு ஓலைக் குச்சுல இருந்தாவளாம். கோயிலப் பெருக்குறது, விளக்குத் தொடைக்கிறது, அதான் வேலை. சனிக்கிழம மத்தியானம் ஆனா வேலை கிடையாது. அன்னைக்குத் தலை நாளு. தாய்க்காரி பூவரசங் கட்டையில அவளே ஒரு சீப்பு செதுக்கி வச்சிருந்தா. அஞ்சே பல்லு. விரிச்ச கை மாதிரி இருக்குமாம். மகள மடியில சாச்சு, தலைய நல்லா நனைச்சு, தேங்காண்ணெயத் தொட்டு, முடியோட நுனியிலருந்து கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறுவாளாம். நுனியில சிக்கு போனப்பொறந்தான் நடு. நடுவுல சிக்கு போனப்பொறந்தான் அடி. பொறவு வெள்ளாமைக்குப் பாத்தி பிரிக்கிற மாதிரி தலையப் பிரிச்சு, மண்டையோட ஒட்ட ஒட்டச் சின்னச் சின்னச் சடையா பின்னி விடுவா. பொழுது சாயுற வரைக்கும் ஆகும். ஆகட்டுமே! யாருக்கு அவசரம்?

ஒவ்வொரு தடவையும் கைய வைக்கிறதுக்கு முன்னால தாய்க்காரி ஒண்ணு கேப்பாளாம். "தொடட்டா மக்கா?" நம்ம பேச்சுல அவ நல்லாப் படிச்ச மொத வார்த்தை அதுதான்னு சொல்லுவாவ. பிள்ள "ம்" சொன்னாத்தான் கை போகும்.

மதலேனா பெரியவ ஆகுறதுக்குள்ள தாயி போய்ச் சேந்துட்டா. சீப்பு இருந்துச்சு. கை இருந்துச்சு. மதலேனா தானே தன் தலையப் பாத்துக்கிட்டா. பாறையில கடப்பாசி அடர்ந்து கெடக்கும்லா, அப்படி ஒரு தலை அவளுக்கு. ஊரு அதத் தேங்கா நாருன்னு சொல்லிச்சு. அவ கண்டுக்கிடல.

அப்ப இந்தக் கரையில கயித்தான்னு ஒரு சங்குகுளிக்காரன். நல்ல ஆம்பள, நல்ல மூச்சு. நாள் பூரா உப்புத் தண்ணியில கெடந்து அவன் தலை சிக்குப் பிடிச்சுப் போய்க் கெடக்கும். ஒரு நாளு கோயில் வாசல்ல நின்னு தலையப் பிச்சுக்கிட்டு இருந்தானாம்.

மதலேனா பெருக்கிக்கிட்டே சொன்னாளாம், "இப்படி அடியிலருந்து இழுத்தா முடிதான் வரும், சிக்கு வராது."

"அப்ப நீயே எடுத்து விடேன்"ன்னானாம் இவன்.

"ஒம்ம தலைய நான் ஏன் தொடணும்?"

"நான்தானே தொடச் சொல்லுதேன்."

அவ்வளவுதான், கலியாணம் முடிஞ்சுட்டு. நடுவுல நடந்த சண்டையச் சொன்னா நாளைக்குப் பூசைக்கு நேரமாயிரும், அத விடுங்க.

கயித்தானோட அம்மா பேரு குருசம்மா. கெட்டவ இல்ல. கெட்டவளா இருந்தா சண்டை போட்டுட்டுப் போயிரலாம். இவ நல்லவ, அதுதான் தொல்லை. மருமக வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கே தலைய ஒரு பார்வை பாத்தாளாம். பாத்துட்டு, "கவலப்படாத தாயி, ஒரு மாசத்துல இத நேராக்கித் தாரேன்"ன்னாளாம்.

"மாமி, நேராக்க வேண்டாம். இது இப்படித்தான்."

"இப்படித்தான்னு ஒண்ணு உண்டா? சீப்பு படாத தலை, அவ்வளவுதான்."

பாத்தியளா? அங்கதான் ஆரம்பிச்சுது.

நம்ம கரையில ஒரு வழக்கம் இருந்துச்சு. ஆம்பள கடலுக்குள்ள முங்குற நேரம் வீட்டுப் பொம்பள தலைய விரிச்சுப் போடக் கூடாது. விரிச்சுப் போட்டா கடலடியில அவன் கயிறு சிக்கிக்கிடும்னு பயம். மதலேனா தலை சடை போட்டு மண்டையோட ஒட்டிக் கெடந்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஆனா குளிச்சுக் காய வச்சா அது எந்திரிச்சு நிக்கும்லா? வெயிலப் பாத்துச் செடி நிமிருற மாதிரி நிக்கும். அதப் பாத்துட்டு ஊரு சொல்லிச்சு, தலைய விரிச்சுப் போட்டிருக்கான்னு. நிக்கிற முடி வேற, விரிச்ச முடி வேறன்னு எவளுக்கும் புரியல. அவங்க தலையெல்லாம் தொங்குற தலை. நிக்கிற தலைய அவங்க எங்க பாத்தாவ!

சங்கு கெடைக்கலையா? மதலேனா தலை. நீரோட்டம் மாறிட்டா? மதலேனா தலை. வள்ளத்துல ஓட்டை விழுந்துச்சுன்னா அதுக்கும் மதலேனா தலை.

சரின்னு சனிக்கிழமதோறும் குருசம்மா வீட்டு முத்தத்துல கூட்டம் கூடும். கோயில் மதிலுக்கும் அவ முத்தத்துக்கும் நடுவுல ஒரு குளிக்கிற கிணறு. கொஞ்சம் உவரு, குடிக்க ஆகாது. தெருப் பொம்பளைங்க எல்லாரும் அங்கதான் எண்ணெ தேச்சுச் சீயக்கா போட்டுக் குளிப்பாவ. ஆளுக்கு ஒரு சீப்பு கொண்டு வருவாவ. கொம்புச் சீப்பு, வேப்பங்கட்டைச் சீப்பு, பேன் சீப்பு. எல்லாம் ஒரு பனையோலப் பெட்டியில கெடக்கும். அவங்க தலை முடிஞ்ச உடனே எல்லாரும் மதலேனாவச் சுத்தி உக்காந்துக்கிடுவாவளாம்.

ஒருத்தி வெந்தயம் அரைச்சு அப்புவா. ஒருத்தி கத்தாழையத் தேப்பா. ஒருத்தி சொன்னாளாம், வேட்டிக்குக் கஞ்சி போடுற மாதிரி போட்டுப் பாப்போம்னு. கேலி இல்ல, நெசமாவே போட்டாவ! வடிகஞ்சிய ஊத்தி, முடியப் படிய இழுத்து, மேல பனையோலய வச்சு, துணியால இறுக்கிக் கட்டிட்டாவ. நாள் பூரா அந்தக் கட்டோட வெயில்ல உக்காந்திருந்தாளாம் புது மருமக. ஈ மொச்சுக்கிட்டு இருந்துச்சாம். சாயங்காலம் கட்ட அவுத்தாவ. முடி ஒரு நிமிசம் யோசிச்சுச்சாம். அப்புறம் ஒவ்வொண்ணா எந்திரிச்சு நின்னுச்சாம்.

அப்புறம் சீப்பு. சீப்பு வந்துச்சு, இழுத்துச்சு, ஒடிஞ்சுச்சு. அடுத்த சீப்பு வந்துச்சு, இழுத்துச்சு, ஒடிஞ்சுச்சு. காஞ்ச தலையில, அடியிலருந்து, பேன் சீப்ப வச்சு இழுத்தா ஒடியாம என்ன செய்யும்? அதுக்கும் யாரு மேல பழி? "சீப்பத் திங்கிற தலை"ன்னு பேரு வச்சுட்டாவ. சீப்போட சேந்து அவ முடியும் ஒடிஞ்சுச்சு. நெத்திக்கு மேல வழுக்கை விழ ஆரம்பிச்சுட்டு. அத ஒருத்தியும் பாக்கல. சீப்பு போச்சேன்னுதான் பாத்தாவ.

"என்ட்ட என் அம்மா சீப்பு இருக்கு மாமி. அத வச்சு நானே பாத்துக்கிடுதேன்"ன்னாளாம்.

குருசம்மா அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாளாம். "இது சீப்பாட்டி? சோறு அள்ளுற கரண்டி மாதிரி இருக்கு. இத வச்சிருக்கதாலதான் தலை இப்படி ஆயிட்டு"ன்னு சொல்லி, எரியுற அடுப்புல வச்சுட்டாளாம். கோவத்துல இல்ல. மருமகளுக்கு நல்லது செய்யுதோம்னு நெனச்சுத்தான் வச்சா.

அன்னைக்கு ராத்திரி புருசன்ட்ட சொல்லி அழுதிருக்கா. "ஒம்ம அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லும்"ன்னா.

கயித்தான் சொன்னானாம், "அம்மா செஞ்சா ஏதாவது காரணம் இருக்கும்."

"என் தலையில நீரே கை வச்சுப் பாத்திருக்கீருலா? இதுல என்ன கொறை?"

"எனக்கு ஒரு கொறையும் இல்ல. அம்மாவுக்குத்தான்..."

அவ்வளவுதான். விடியுமுன்னே வள்ளத்துல ஏறிட்டான். பத்துப் பாகம் ஆழத்துல சுறா கெடக்குற எடத்துல முங்குவான். அம்மாவுக்கு முன்னால முட்டளவுத் தண்ணியில நிக்க மாட்டான். ஆம்பளைங்க சிரிக்காதிய. ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்.

பொறவு ஒரு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. தெக்கிலான்னு பேரு. அப்பன் மூக்கு, ஆச்சி தாடை, அம்மா தலை. குருசம்மா பேத்தி மேல உசிரையே வச்சிருந்தா. உசிர வச்சிருந்ததாலதான், பிள்ள தலையில சுருள் சுருளா முளைச்ச உடனே அவளுக்குத் தூக்கம் போச்சு.

"இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. மொட்டை. மொட்டை போட்டா அடுத்து முளைக்கிறது நேரா முளைக்கும்"ன்னா.

இது நம்ம ஊரு கண்டுபிடிப்பு! மயிரு ரொம்பக் கொட்டுதா, மொட்டை போடு. செம்பட்டையா இருக்கா, மொட்டை போடு. சுருட்டையா, மொட்டை போடு. மாதா கோயில்ல நேர்ச்சையும் வச்சுட்டா. பேத்திக்கு முடி நேரா முளைச்சா மெழுகுல ஒரு தலை செஞ்சு வைக்கேன்னு வேண்டிக்கிட்டா.

மொட்டை போட்டாவ. சுருட்டையா முளைச்சுச்சு. அடுத்த திருவிழாவுக்கு மொட்டை போட்டாவ. சுருட்டையா முளைச்சுச்சு. அதுக்கு அடுத்த திருவிழா, மறுபடி மொட்டை, மறுபடி சுருட்டை. முடிக்கு இருந்த பிடிவாதம் அந்த வீட்ல வேற யாருக்கும் இல்லன்னு நான் சொல்லுவேன். ஆனா பிள்ளைக்கு? அவ தலை எப்படி இருக்கும்னு அவளுக்கே தெரியாமப் போச்சு. ஒரு விரக்கடை வளந்தா கத்தி வந்துரும். வெயில்ல மண்டைத் தோலு உரிஞ்சு போயிரும். தெருப் பிள்ளைங்க வந்து டொக்குன்னு குட்டிட்டு ஓடுங்க. மொட்டைத் தெக்கிலா, மொட்டைத் தெக்கிலா. ஒவ்வொரு தடவையும் மதலேனா வாசல்ல நின்னு, "மாமி, இந்தத் தடவ விட்டுருங்க"ன்னு கேப்பா. "இந்தத் தடவ நேரா வந்துரும் பாரு"ன்னு குருசம்மா சொல்லுவா. என்னத்தச் சொல்ல!

இப்படியே பிள்ளைக்குப் புது நன்மை வாங்குற வயசு வந்துட்டு.

அந்த வருசம் மதலேனா மாமியா கால்லயே விழுந்துட்டாளாம். "ஒரே ஒரு வருசம் வளர விடுங்க. முக்காடு போட்டுக் கோயிலுக்குள்ள நடக்கும்போது பிள்ள தலையில பிள்ள முடி இருக்கட்டும்."

குருசம்மாவும் எறங்கி வந்தா. "சரி. வளக்கட்டும். ஆனா புது நன்மைக்கு முந்துன சனிக்கிழம நான் சீவிப் பாப்பேன். சீப்புக்குப் படிஞ்சா முடி இருக்கட்டும். படியலன்னா அன்னைக்கே மொட்டை. மொட்டைத் தலைக்கு மேல முக்காடப் போட்டாத் தெரியாது. எல்லாப் பிள்ளைங்க நடுவுலயும் என் பேத்தி கேலியா நிக்கக் கூடாது."

வருசம் பூரா மதலேனா அந்தத் தலைய ஒளிச்சு ஒளிச்சுப் பாத்தா. சீப்பு இல்ல, அதான் அடுப்புல போயிட்டே! வெறும் விரலுதான். மாமியா சந்தைக்குப் போன நேரம் பாத்து நனைச்சு, எண்ணெ தொட்டு, நுனியிலருந்து மேல ஏறுவா. முடி வளந்துச்சு. காதத் தாண்டுச்சு. பிள்ள மொத மொதல்ல தன் தலையத் தொட்டுப் பாத்து, "மெத்துன்னு இருக்கும்மா"ன்னு சொன்னாளாம். ஒம்பது வயசுப் பிள்ள, தன் முடி மெத்துன்னு இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிடுது.

சனிக்கிழம வந்துச்சு.

முத்தம் பூரா பொம்பளைங்க. புது நன்மை வாங்குற பிள்ளைங்க எல்லாருக்கும் எண்ணெக் குளி. சீயக்காத் தேச்சு, தலை ஈரம் சொட்டச் சொட்ட, சிக்கோட எல்லாரும் வெயில்ல நிக்காவ. சீப்புப் பெட்டி கிணத்துச் சுவத்து மேல இருக்கு. குருசம்மா பேத்திய முன்னால உக்கார வச்சா. பிள்ளையோட சடையெல்லாம் அவுத்தா. இவளுக்கு மட்டும் இன்னும் தண்ணி ஊத்தல, காஞ்ச தலை. கொம்புச் சீப்ப எடுத்தா. நெத்தியில, அடியில வச்சா. இழுத்தா.

சீப்பு வந்துச்சு, இழுத்துச்சு, ஒடிஞ்சுச்சு.

இன்னொண்ண எடுத்தா. பிள்ள கழுத்து பின்னால போயிட்டு வந்துச்சு. பிள்ள அழல. அதுதான் கேளுங்க, அழவே இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு, ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குற இந்த ரெனிட்டா மாதிரி, சத்தமில்லாம உக்காந்திருந்துச்சாம். மதலேனா கையப் பெசஞ்சுக்கிட்டு நின்னா.

மூணாவது சீப்பு ஒடிஞ்சப்ப பிள்ள மெதுவாச் சொல்லிச்சாம், "ஆச்சி, மொட்டையே போட்டுருங்க. அது வலிக்காது."

அம்மாவப் பாத்தும் சொல்லிச்சாம். "அம்மா, எனக்கு இந்த முடி வேண்டாம்மா."

மொட்டையடிச்சப்ப எல்லாம் பொறுத்தவ மதலேனா. அம்மா சீப்பு எரிஞ்சப்பவும் பொறுத்தவ. கஞ்சி ஊத்துனப்ப பொறுத்தவ. பிள்ள வாயாலயே வேண்டாம்னு சொன்னத அவளால பொறுக்க முடியல. நேரா கிணத்தடிக்குப் போனா. சீப்புப் பெட்டிய எடுத்தா. தெருவுல உள்ள அத்தனை சீப்பும் அதுக்குள்ள கெடக்கு. அப்படியே தலைகீழாக் கவுத்துட்டா கிணத்துக்குள்ள!

கொம்புச் சீப்பெல்லாம் பொளக்குன்னு முங்கிட்டு. கட்டைச் சீப்பெல்லாம் மெதந்துச்சாம். ஒருத்தி ஓடி வந்து, "பட்டையப் போட்டு எடுங்க, பட்டையப் போட்டு எடுங்க"ன்னு கத்துனா. தண்ணி எறைக்கிற ஓலைப்பட்டையும் கயிறும் அங்கனதான் கெடந்துச்சு. மதலேனா அதையும் தூக்கி உள்ள போட்டுட்டா. "இப்ப எடுங்க"ன்னா.

எப்படி இருக்கும்! நாளைக்குத் திருநாளு. தெருவுல ஒரு சீப்பு இல்ல. எல்லாத் தலையும் ஈரம், எல்லாத் தலையும் சிக்கு.

"அடிப் பாவி, எங்க தலையெல்லாம் சடை விழுந்துருமே!"

"இந்தக் கோலத்துல கோயிலுக்கு எப்படிட்டி போறது?"

"பைத்தியம் பிடிச்சுட்டு இவளுக்கு!"

மதலேனா கிணத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு ஒரு வழியா வாயத் தொறந்தாளாம். "இத்தனை வருசமா என் தலையில எல்லாரும் கை வச்சியளே, ஒருத்தியாவது கேட்டியளா? ஒங்க தலைக்குப் பொறந்த சீப்ப என் தலையில வச்சுட்டு, சீப்பு ஒடிஞ்சா என் முடி மேல பழியப் போட்டிய. நான் பொறுத்துக்கிட்டேன். இப்ப என் பிள்ள தன் முடியே வேண்டாங்குறா. இத நீங்கதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திய. நாருன்னு சொன்னிய. இது நாரு இல்ல, முடி. எங்க அம்மா தலையில இருந்த முடி. எங்க அம்மா பேரு கூட என்ட்ட இல்ல, இது ஒண்ணுதான் இருக்கு. இத மழிச்சுக் குப்பையில போடுறதுக்கு நான் இனிமே விட மாட்டேன்."

அவ பிள்ள பக்கத்துல போயி உக்காந்தா. கொடத்துல மிச்சம் இருந்த தண்ணிய எடுத்தா. எண்ணெக் கிண்ணத்த எடுத்தா. கைய நீட்டிட்டு, வைக்காம நிறுத்துனா.

"தொடட்டா மக்கா?"

பிள்ள அந்தக் கையயே பாத்துக்கிட்டு இருந்துச்சாம். அதுகிட்ட அது வரைக்கும் முத்தத்துல வச்சு யாரும் கேட்டதில்லலா! கடைசியில "ம்"ன்னு சொல்லிச்சு.

நனைச்சா. எண்ணெ தொட்டா. நுனி, பொறவு நடு, பொறவு அடி. பாத்தி பிரிச்சா. பின்னுனா. எல்லாரும் ஈரத் தலையோட சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாவ. போகவும் முடியல, சீவவும் முடியல, வேற என்ன செய்ய! கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் மகளோட தலையில விரல விட்டுப் பாத்தாளாம், நுனியிலருந்து. அந்தப் பிள்ள, "அம்மா, மொதல்ல என்ட்ட கேளு"ன்னுச்சாம். முத்தமே சிரிச்சிட்டுன்னு சொல்லுவாவ. குருசம்மா மட்டும் சிரிக்கல. எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிட்டா.

மறுநா பூசை. பிள்ளைங்க எல்லாம் வெள்ளை முக்காடும் பூக்கிரீடமுமா வரிசையா நடக்குதுங்க. மத்த பிள்ளைங்களுக்கு எண்ணெத் தலையில முக்காடு வழுக்கிக்கிட்டே இருக்கு, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நடக்குதுங்க. தெக்கிலா ரெண்டு கையையும் கும்பிட்டுக்கிட்டு நடந்தா. அவ கிரீடம் அசையவே இல்ல. முடி பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. குருசம்மா சிக்குத் தலைய முக்காட்டுக்குள்ள மூடிக்கிட்டுத் தூணோரமா நின்னு பாத்தாளாம்.

ரொம்ப நாளு அவ மருமகட்ட பேசல. சோறு வைப்பா, பேச மாட்டா. தெருவும் மதலேனாவத் திட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. உடனே எல்லாரும் திருந்திட்டாவன்னு நான் கதை சொல்ல மாட்டேன். சனிக்கிழமக் கூட்டமும் அந்த முத்தத்துல கொஞ்ச நாளு இல்லாமப் போச்சு.

பொறவு தவக்காலம் முடிஞ்ச ஒரு சனிக்கிழம, தெக்கிலா கிணத்தடியில உக்காந்திருந்தா. குருசம்மா எண்ணெக் கிண்ணத்தோட வந்தா. பேத்தி தலைக்கு நேரா கை போச்சு. போன கை நின்னுச்சு. அந்தக் கெழவிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

"தொடட்டா மக்கா?"ன்னாளாம்.

தெக்கிலா நிமிந்து பாத்தா. "இப்ப வேண்டாம் ஆச்சி"ன்னா.

குருசம்மா கைய எடுத்துக்கிட்டா. கிண்ணத்தக் கீழ வச்சா. பக்கத்துல உக்காந்தா. அவ்வளவுதான் செஞ்சா. ஆனா கேளுங்க, கிணத்துக்குள்ள சீப்பப் போட்டது மதலேனா. வேண்டாம்னு சொன்ன உடனே கைய எடுத்தது குருசம்மா. நம்ம ஊரு வழக்கம் அந்த ரெண்டு பேராலயும் வந்ததுன்னு எங்க அம்மா சொல்லுவா. அந்தத் தெக்கிலாவுக்குப் பொறந்த வழிதான் நாங்க.

அதனாலதான் கோயில் மதிலுக்குப் பக்கத்துல இருக்கே, கம்பி வலை போட்டு மூடி வச்சிருக்கமே, அதுக்குச் சீப்புக் கிணறுன்னு பேரு. முந்தி ஒரு தடவ தூரு வாருனப்ப சேத்துக்குள்ள ஒரு கொம்புச் சீப்பு வந்துச்சு. தூரு வாருனவன் பாத்துட்டு மறுபடி உள்ளயே போட்டுட்டான். அதனாலதான் புது நன்மைக்கு முந்துன சனிக்கிழம இந்த ஊர்ல எந்த வீட்லயும் சீப்பு எடுக்க மாட்டாவ. சுருட்டையோ நேரோ, விரலாலதான் சிக்கெடுப்பாவ, நுனியிலருந்து. தாயா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் தொடணும். வேண்டாம்னா கைய எடுத்துரணும்.

இன்னைக்கு என்ன கிழமை? சனிக்கிழம. ஜாக்குலின், ஏன் தலையக் குனியுத? சீப்பு எடுக்கலதான், வழக்கத்த மீறலதான். அதுக்குப் பதிலா கரண்டு மெஷின எடுத்துட்டு வந்திருக்க! ஒவ்வொரு தலைமுறையிலயும் ஒரு குருசம்மா பொறந்து, ஒவ்வொரு தலைமுறையிலயும் ஒரு மெஷினத் தூக்கிட்டு வாரா. நீ ஒன் முடிய நேராக்கிக்கோ, அது ஒன் தலை, நான் கேக்கல. இந்தப் பிள்ள காலையிலருந்து அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கா. இந்த வீட்ல இத்தனை பேரு இருக்கோம். அவள்ட்ட ஒரு ஆளு கேட்டுச்சா?

போ. போயி அவ முன்னால உக்காந்து கேளு. சரின்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், நானே பிளக்க மாட்டி விடுதேன். வேண்டாம்னு சொன்னா, அந்தக் கம்பி வலையத் தூக்குற சாவி கோயில் வேலை பாக்குற கோயில்பிள்ளைட்டதான் இருக்கு. கிணத்துல இன்னும் எடம் கெடக்கு.